தரையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு ஒரு குட்டை மேசை

கையால் ஒரு மேசை செய்து பரிசளிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் பெரிய வேலையில்தான் இறங்குகிறார்கள். ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை, இழுப்பறை வைத்த படிப்பு மேசை என்று தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது சின்ன மேசை. சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதவும் படிக்கவும் ஏற்றது. கணக்குப்பிள்ளைகள் முன்னால் இருந்ததே, அதன் எளிய வடிவம். நான்கு கால், நான்கு சட்டம், ஒரு மேல்பலகை, அவ்வளவுதான். ஆனால் மரவேலையின் அடிப்படைகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடுகின்றன.

கடையில் விற்கும் மேசை எல்லோருக்கும் ஒரே அளவு. நீங்கள் செய்வது ஒரே ஒருவருக்கு. இந்தப் பரிசின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. எனவே மரக்கடைக்குப் போகும் முன் அந்த ஒருவரை அளந்துகொள்ளுங்கள்.

ஆளுக்கேற்ற அளவு

மூன்று அளவுகள் வேண்டும். அவர் வழக்கமாகப் பாயிலோ திண்டிலோ உட்காருபவர் என்றால் அதன் மேல் உட்கார்ந்தபடியே அளக்க வேண்டும்.

1. முழங்கை உயரம்: தோளைத் தளர்த்தி, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் அடிவரை. மேசையின் மேற்பரப்பு இதைவிட ஒன்று முதல் இரண்டு அங்குலம் உயரமாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் எழுதும்போது தோள் தூக்கிக்கொண்டே இருக்கும், கழுத்து வலிக்கும்.
2. முழங்கால் உயரம்: சம்மணமிட்ட நிலையில் தொடையோ முழங்காலோ எது மிக உயரமோ அதுவரை. சட்டத்தின் கீழ்விளிம்பு இதற்கு மேல் ஓர் அங்குலமாவது விலகியிருக்க வேண்டும்.
3. முழங்கால் அகலம்: இரு முழங்கால்களின் வெளிப்பக்கம் முதல் வெளிப்பக்கம் வரை. மேசைக்கால்களின் இடைவெளி இதைவிட இரண்டு அங்குலமாவது கூடுதல் வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த அளவில்தான். உயரம் சரியாக அமைந்தும் முழங்கால் உள்ளே நுழையாத மேசை ஒரு மாதத்தில் பூந்தொட்டி வைக்கும் இடமாகிவிடும்.

*குறிப்பு:* பரிசு என்று தெரியாமல் அளக்க ஒரு வழி உண்டு. இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, 'இதில் வைத்து இந்த முகவரியைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். ஒரு புத்தகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் அவருக்கு எது வசதி என்று தெரிந்துவிடும். அவர் எழுந்து போன பிறகு அடுக்கை அளந்துகொள்ளலாம். இடது கைப் பழக்கமா, காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொள்பவரா என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

வயதானவருக்குக் கொடுப்பதானால் இதையும் பாருங்கள். அவர் உதவியில்லாமல் தரையிலிருந்து எழுகிறாரா? இல்லையென்றால் இந்த மேசை வேண்டாம். நாற்காலி உயர மேசைதான் அவருக்குப் பயன்படும்.

இங்கே எடுத்துக்காட்டாக முழங்கை 10 அங்குலம், முழங்கால் உயரம் 7½, முழங்கால் அகலம் 26 என்று வைத்துக்கொள்வோம். மேசை உயரம் 12, மேல்பலகை 36க்கு 16. உங்கள் ஆளுக்கு ஏற்றபடி நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். முழங்கை தாழ்ந்து, முழங்கால் உயர்ந்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் மேசையை உயர்த்தாமல் முன்சட்டத்தின் அகலத்தை 2½ அங்குலத்திலிருந்து 1½ ஆகக் குறையுங்கள்.

மரம்

தேக்கு என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். செதுக்க எளிது, கறையான் எளிதில் அண்டாது, நன்றாகக் காய்ந்தது பிறகு அதிகம் வளையாது. விலைதான் பிரச்சினை. இந்த அளவு மேசைக்கு என் தேர்வு பலா. தஞ்சாவூர் வீணை செய்யும் மரம் அது. புதிதாக இழைக்கும்போது மஞ்சளாக இருந்து, போகப் போகத் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும். கொடுத்த பிறகும் நிறம் கனிந்துகொண்டே போகிற மரம் பரிசுக்கு மிகப் பொருத்தம்.

வேங்கை உறுதியானது. ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். வெள்ளைத் தாளும் வேட்டியும் படும் மேசைக்கு மெருகில் கூடுதல் கவனம் வேண்டும். வேம்பைக் கறையான் விரும்பாது. ரேகை முன்னும் பின்னும் மாறி ஓடுவதால் இழைப்புளியில் பிய்ந்து வரும்; முதல் முறை செய்பவருக்கு அது கைவராது. மா மலிவு, பூச்சி சீக்கிரம் துளைக்கும். மருந்து ஏற்றிய மாம்பலகை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய வீட்டு மரம் கிடைத்தால் விடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற பழம்பொருள் கடைத்தெருக்களில், இடித்த வீடுகளின் மரச்சாமான்களைப் பார்க்கலாம். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் இனிமேல் அதிகம் வளையாது. பரிசு பெறுபவரின் பழைய வீட்டுக் கதவோ உத்திரமோ கிடைத்தால் அதைவிடச் சிறந்த மரம் இல்லை. இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளியின் தகட்டைக் காலி செய்ய.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- மரத்தின் முனையைப் பாருங்கள். நடுவில் குருத்து இருந்தால் வேண்டாம், கட்டாயம் வெடிக்கும்.
- ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் அதைக் கழித்துவிட்டு வைரப்பகுதியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். பூச்சி அங்கிருந்துதான் தொடங்கும்.
- காலுக்கும் சட்டத்துக்கும் கணு இல்லாத, ரேகை நேராக ஓடும் துண்டுகள் வேண்டும். மேல்பலகையில் அழகான ஒரு கணு இருந்தால் பரவாயில்லை.
- மர ஈரத்தை அளக்கும் கருவி இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துண்டை வீட்டுக்குள் நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒரு கன அடி மரம் வாங்கினால் கழிவுக்கும் சேர்த்துப் போதும்.

அளவுப் பட்டியல்

தச்சர்கள் சொல்வதுபோல ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்றே இங்கு கணக்கு. இவை இழைத்து முடித்த அளவுகள்:

- மேல்பலகை: 36 × 16, கனம் 6 நூல் (4¼ அங்குல அகலப் பலகை நான்கை ஒட்டி, பிறகு 16க்கு அறுப்பது)
- கால் 4: 1½ சதுரம், நீளம் 11¼ (அறுக்கும்போது 12 விடவும்)
- நீளச் சட்டம் 2: 30½ × 2½, கனம் 6 நூல்
- குறுக்குச் சட்டம் 2: 11½ × 2½, கனம் 6 நூல்
- உள்கட்டை 4: ¾ சதுரம்; நீளம் 24 இரண்டு, 9 இரண்டு

சட்டங்களின் இரு முனையிலும் ¾ அங்குலம் காலுக்குள் நுழையும் நாக்கு. எனவே கால்களின் இடைவெளி 29 அங்குலம் கிடைக்கும்.

கருவியும் காப்பும்

இழைப்புளி, 2 நூல் உளி, ஓர் அகல உளி, கொட்டாப்புளி, நுண்பல் கைவாள், மூலைமட்டம், துளைபோடும் மெஷின், 6 மி.மீ. பிட், சாணைக்கல், பிடிகருவி. இவ்வளவு போதும். உளி தீட்டாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். அழுத்தம் கூடினால் உளி வழுக்கும், கையில்தான் ஏறும். உளியைத் தள்ளும்போது இரண்டு கைகளும் கூர்முனைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். மரத்தைப் பிடிப்பது கையின் வேலை இல்லை, பிடிகருவியின் வேலை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டாதீர்கள். ஊரெங்கும் அப்படிச் செய்கிறார்கள். அந்த மெஷின் அதற்குச் செய்யப்பட்டதில்லை. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் உங்கள் பக்கம் எகிறும், பிடித்து நிறுத்த நேரம் இருக்காது. விரல்களை இழந்தவர்கள் உண்டு. அறுப்பதைக் கைவாளில் செய்யுங்கள், அல்லது மில்லிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள்.

சுழலும் மெஷின் அருகே கையுறை, துப்பட்டா, தொங்கும் துண்டு, தளர்ந்த முழுக்கை எதுவும் ஆகாது. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். தேக்குத் தூளும் வேம்புத் தூளும் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும்.

வேலை: மேல்பலகை

1. நான்கு பலகைகளையும் தரையில் பரப்பி, ரேகை ஒன்றோடொன்று இசையும்படி இடம் மாற்றிப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். மேசையின் முகம் இங்கேதான் அமைகிறது. வரிசை பிடித்ததும் நான்கையும் தொடும்படி சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரையுங்கள். பிறகு எப்படிக் கலைந்தாலும் வரிசை தவறாது.
2. அடுத்தடுத்த இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் மடித்து, இரண்டின் விளிம்பையும் ஒன்றாக இழையுங்கள். இழைப்புளி சற்றே சாய்ந்திருந்தாலும் விரிக்கும்போது ஒரு சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும்.
3. விளிம்போடு விளிம்பு சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊடே ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டும். பசையும் இறுக்கமும் இடைவெளியை மூடிவிடும் என்று நம்ப வேண்டாம். மூடியதுபோலத் தெரிந்து, அடுத்த கோடையில் பிளக்கும்.
4. தேக்கென்றால் ஒட்டும் விளிம்புகளை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் தாமதிக்காமல் பசை தடவுங்கள். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டவிடாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மெல்லிய படலமாக இரு விளிம்புக்கும் தடவ வேண்டும்.
5. இறுக்க கிளாம்ப் இல்லையா? ஒரு கனமான பலகையில் 18 அங்குல இடைவெளியில் இரண்டு கட்டைகளை அறைந்து, நடுவில் மேல்பலகையை வைத்து, பக்கத்தில் ஆப்புகளை எதிரெதிராக அடித்து இறுக்குங்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே ஒட்டிக்கொள்ளும். இறுகும்போது பலகை மேலே எழும்பாமல் இருக்க மேலே பாரம் வையுங்கள். ஒட்டின் நெடுகிலும் சிறு சிறு மணியாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.

வேலை: காலும் சட்டமும்

துளையை முதலில், நாக்கை அடுத்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாக்கைத் துளைக்கு ஏற்ப இழைத்துக் குறைக்கலாம். துளையை நாக்குக்கு ஏற்பச் சுருக்க முடியாது.

1. நான்கு கால்களையும் நிற்க வைத்து, எது முன் இடம், எது பின் வலம் என்று தலையில் எழுதுங்கள். துளை வரவேண்டிய உட்பக்கங்களில் பென்சிலால் குறியிடுங்கள். ஒரு கால் தவறாகத் திரும்பினால் துளை வெளிமுகத்தில் வந்துவிடும், அந்தக் கால் வீண்.
2. காலின் உச்சியில் முக்கால் அங்குலம் மிச்சம் விட்டிருக்கிறோம். துளையை உளியால் வெட்டும்போது முனை பிளக்காமல் இருப்பதற்கு. வேலை முடிந்த பிறகே அதை அறுக்க வேண்டும்.
3. துளையின் அகலம் 2 நூல், நீளம் 1¾ அங்குலம். காலின் வெளிமுகத்திலிருந்து 3 நூல் தள்ளித் துளை தொடங்கட்டும். சட்டம் காலிலிருந்து 1 நூல் உள்வாங்கி நிற்கும். அந்த மெல்லிய நிழல்கோடு பார்க்க அழகு, சின்னப் பிசிறுகளையும் மறைக்கும். உச்சியிலிருந்து ½ அங்குலம் விட்டு (மிச்சப் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல்) துளை ஆரம்பிக்கட்டும்.
4. 6 மி.மீ. பிட்டில், முனையிலிருந்து ¾ அங்குலத்தில் ஒரு டேப்பைச் சுற்றுங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். இரண்டு பக்கத் துளைகளும் உள்ளே முட்டிக்கொண்டு கால் பலமிழக்கும். வரிசையாகத் துளைபோட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் நேராக்குங்கள்.
5. சட்டங்களில் நாக்கை வரைந்து, கோட்டுக்கு வெளியே வாளை ஓட்டுங்கள். நாக்கின் அகலம் 1¾. மேலே ½, கீழே ¼ அங்குலம் கழியும். நாக்கைச் சுற்றி நிற்கும் தோள் நான்கு பக்கமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.
6. பசை இல்லாமல் கோத்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் முக்கால்வாசி நுழைந்து, கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில் முழுவதும் உட்கார்ந்தால் பொருத்தம். சம்மட்டி அடி கேட்கும் நாக்கு காலைப் பிளக்கும். லொடலொடவென்று இருந்தால், அதே மரத்தின் மெல்லிய சீவலை நாக்கின் பக்கத்தில் ஒட்டி மறுபடி இழையுங்கள்.
7. முதல் நாள் குறுக்குச் சட்டத்தோடு இரண்டு கால்கள், இன்னொரு சட்டத்தோடு மற்ற இரண்டு. மறுநாள் நீளச் சட்டங்களால் இரண்டையும் இணையுங்கள். சட்டகத்தைச் சுற்றிக் கயிற்றை இருமுறை கட்டி, நடுவில் குச்சியைக் கொடுத்து முறுக்கினால் போதுமான இறுக்கம் வரும். கயிறு பதியாமல் இருக்க மூலைகளில் அட்டை வையுங்கள்.
8. பசை இளகியிருக்கும்போதே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் சட்டகம் சதுரம். வித்தியாசம் இருந்தால் நீண்ட மூலைகளை நெருக்கித் தள்ளிச் சரிசெய்யுங்கள். பசை காய்ந்த பிறகு எதுவும் செய்ய முடியாது.
9. பிதுங்கிய பசையை ஈரத்துணியால் முழுவதும் துடையுங்கள். துடைக்காமல் விட்ட இடம் மெருகு ஏறாமல் வெளுத்துத் தெரியும்.

மேல்பலகையைப் பிணைப்பது

முதல் முறை செய்பவர்கள் மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். 16 அங்குலத் தேக்குப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் இடையே ஒரு நூல் அளவு அசையலாம். அசைய இடம் இல்லாவிட்டால் நடுவே வெடிக்கும். எவ்வளவு நல்ல மரமானாலும் இதற்கு விலக்கு இல்லை.

எனவே சட்டங்களின் உட்பக்கத்தில், மேல்விளிம்போடு சமமாக உள்கட்டைகளை ஒட்டி ஸ்குரு போடுங்கள். பிறகு கட்டை வழியாகக் கீழிருந்து மேல்பலகைக்கு ஸ்குரு. குறுக்குச் சட்டங்களின் நடுவில் மட்டும் வட்டத் துளை. மற்ற எல்லாத் துளைகளும் 16 அங்குல வாக்கில் நீண்டிருக்க வேண்டும். பக்கம் பக்கமாக இரண்டு துளை போட்டு இணைத்தால் நீள்துளை ஆகிவிடும். ஒவ்வொரு ஸ்குருவுக்கும் ஒரு வாஷர்.

ஸ்குரு நீளம் 1¼ அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கட்டை முக்கால், பலகைக்குள் அரை. ஒன்றரை அங்குல ஸ்குரு போட்டால் எழுதும் பரப்பில் முனை எட்டிப்பார்க்கும். பலகையில் சிறு பிட்டால் வழித்துளை போடாமல் முறுக்கினால் ஸ்குருவின் தலை முறியும்.

அவருக்கென்று

முன்விளிம்பில் மணிக்கட்டு படும் இடத்தை நன்றாக உருட்டுங்கள். இழைப்புளியால் 45 பாகையில் சீவி, பிறகு உப்புத்தாளால் வளைத்து, உங்கள் மணிக்கட்டை வைத்து இழுத்துப் பாருங்கள். எங்கும் அரிக்கக் கூடாது. பின்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, பேனா உருளாமல் இருக்க 3 நூல் அகலத்தில் ஆழமில்லாத பள்ளம் ஒன்று எடுக்கலாம். வலது கைக்காரருக்கு வலப்பாதியில், இடது கைக்காரருக்கு இடப்பாதியில். பெயரை மேலே செதுக்க வேண்டாம். எழுதும் தாளின் அடியில் எழுத்து தட்டுப்படும். அடிப்பக்கத்தில் அவர் பெயர், ஆண்டு, மரம் எங்கிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். மெருகுக்கு முன் எழுதினால் அழியாது.

மெருகு

80, 120, 180, 220 என்று வரிசை தவறாமல் உப்புத்தாள் தேய்க்க வேண்டும், எப்போதும் ரேகையோடு. குறுக்கே தேய்த்த கீறல் மெருகு ஏறிய பிறகுதான் கண்ணில் படும்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம். அவை மரத்தில் இறுகிக் காய்வதில்லை. பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். கடையில் பதப்படுத்தி விற்கும் ஆளிவிதை எண்ணெய் வாங்குங்கள். துணியில் மெலிதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் நான்கு முறை. காபி டம்ளர் வைப்பவர் என்றால் பாலியூரித்தேன் வார்னிஷ்தான் தாங்கும். அரக்கு மெருகு அழகானதுதான். ஆனால் சூடான டம்ளரின் அடி அதில் வெள்ளை வட்டமாகப் பதியும்.

*எச்சரிக்கை:* ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும்; குவிந்து கிடந்தால் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகோ, தண்ணீரில் முக்கியோதான் எறிய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரக்கும் லேக்கரும் பூசாதீர்கள். காற்றின் ஈரத்தால் வெள்ளை பூத்துவிடும். வெயில் தலைகாட்டும் நாளுக்குக் காத்திருங்கள்.

காலின் அடிப்பாகத்துக்கு மற்ற இடங்களைவிட இரண்டு பூச்சு கூடுதல். வீடு துடைக்கும் ஈரம் அங்கிருந்துதான் மேலே ஏறும். அடிவிளிம்பைச் சற்றே சீவிவிட்டால் இழுக்கும்போது சிம்பு பெயராது.

கொடுப்பதற்கு முன்

மெருகு முழுக்க இறுக இரண்டு வாரம் ஆகும். விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, வேலையை அதற்கு முன்பே முடியுங்கள். அவசரத்தில் பிளாஸ்டிக் உறையில் சுற்றினால் உறையின் சுருக்கம் மெருகில் பதியும். பழைய பருத்திப் போர்வையில் சுற்றுங்கள்.

உங்கள் வீட்டுத் தரையில் ஆடாத மேசை அவர் வீட்டில் ஆடலாம். ஓர் உப்புத்தாளையும் பென்சிலையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் உட்காரும் இடத்திலேயே வைத்துப் பார்த்து, ஆடினால் எந்தக் கால் நீளமோ அதை அங்கேயே தேய்த்துவிடலாம். பூச்சு போன இடத்தில் மறுபடி பூச ஒரு சிறு குப்பியில் எண்ணெயும் இருக்கட்டும். மேசையோடு நான்கு வரியில் ஒரு சீட்டு கொடுங்கள்: ஈரத்தை உடனே துடைக்கவும், வெயில் நேரே விழும் ஜன்னலடியில் வைக்க வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் தடவவும், முதல் மழைக்காலம் முடிந்ததும் அடியில் உள்ள ஸ்குருக்களை ஒரு சுற்று சரிபார்க்கவும்.